சுண்ணாம்புக் கையும் எண்ணெய்க் கிண்ணமும்

அனுபவக் குறிப்பு எழுத இருபத்திரண்டு வயது போதாது என்று எங்கள் வாலிபர் சங்கத்தில் சிரித்தார்கள். ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் குமாஸ்தாவாக இருப்பவனுக்கு அது தாராளம். படிப்பை முடித்து வேலைக்குப் போகிற தம்பிமார் அவசியம் வாசிக்கவும். இது படித்தவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

1. கை நீண்ட கதை

ஒரு ஞாயிறு எங்கள் போதகர் மனதுருக்கத்தைப் பற்றிப் பேசினார். அயலான் வலிக்குக் கண் கலங்கினால் மட்டும் போதாது, கை நீள வேண்டும் என்றார். நான் நோட்டில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டேன். யாருக்காவது மனதுருகியே தீருவது என்று திங்கட்கிழமை வேலைக்குப் போனேன்.

கிடைத்தவர் சாமுவேல் அண்ணன். எங்கள் சபைக்காரர். சுண்ணாம்புக் குழியிலிருந்து எடுத்த ஆட்டுத்தோலைச் சாய்ந்த மரத்தின்மேல் விரித்து, இரண்டு பக்கமும் பிடி வைத்த கத்தியால் சதை சீவுவது அவர் வேலை. அவர் உள்ளங்கை கோடைகால ஏரி மாதிரி வெடித்திருந்தது. ஆபீஸில் இருந்த விளக்கெண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு ஓடினேன்.

"அண்ணே, கைய நீட்டுங்க."

"இன்னாத்துக்கு?"

"மனதுருக்கம்."

"அது இன்னா வாத்தியாரே, புது மருந்தா?" எழுதத் தெரிந்தவர்கள் எல்லாரும் அவருக்கு வாத்தியார்தான். "வேல நேரத்துல எண்ணெ வாணாம்பா. சாயந்திரம் முதல்ல..."

நான் முடிக்க விடவில்லை. முழங்கை வரை பூசிவிட்டேன். படித்த பிள்ளை மனசு நோகக்கூடாது என்று அவரும் சும்மா இருந்தார். வேட்டியில் துடைத்துக்கொண்டு கத்தியைப் பிடித்தார். துடைத்தால் போகிற அளவிலா நான் ஊற்றியிருந்தேன்? பக்கத்தில் நின்று மனதுருக்கத்தின் மூன்று படிகளை அவருக்கு விளக்கினேன். இரண்டாவது படியில் கத்தி வழுக்கியது. தோலின் நடுமுதுகில் ஒரு சாண் கிழிசல்.

தோலுக்கு விலையே நடுமுதுகில்தான்; அங்கே கத்தி விட்டவன் அன்றே வேலையை விட்டு வீட்டுக்குப் போக வேண்டும். டேனரியில் அதுதான் சட்டம்.

2. ஓட்டை வழியாக ஒரு கண்

கரீம் மேஸ்திரி வந்து தோலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். ஓட்டை வழியாக அவருடைய ஒரு கண் எங்களைப் பார்த்தது.

"இன்னா சாமுவேலு, உன் கத்தியா?"

"என் கத்திதான் மேஸ்திரி. கவனம் தப்பிப்போச்சி."

"சட்டம் தெரியுமில்ல? கிளம்பு."

அண்ணன் கத்தியைக் கீழே வைத்தார். வீட்டில் நாலு பிள்ளைகள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் வேலைக்கு வந்து இரண்டாவது மாதம். வாயைத் திறந்தால் என் வேலை போகும். நாள் முழுக்கப் பேசுகிற நான் அந்த ஒரு நிமிஷம் பேசவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை.

"மேஸ்திரி, நான்தான் எண்ணெ தடவினேன்."

"தோலுக்கா?"

"அவர் கைக்கு."

"வேல நேரத்துலயா! இத சொல்லிக் குடுக்காம அத்தன வருசம் பள்ளிக்கூடத்துல உன்ன எதுக்குய்யா குந்த வெச்சாங்க? பேஜாரா போச்சி உன்னோட!"

தீர்ப்பு உடனே கிடைத்தது. சாமுவேல் கத்தியை எடுக்கலாம். குமாஸ்தா ஒரு வாரம் சுண்ணாம்புக் குழியில் தோல் இழுக்க வேண்டும்.

"கம்மியா பேசு, ஜாஸ்தியா இழு," என்றார் மேஸ்திரி.

3. சனிக்கிழமை சாயந்திரம்

மூன்றாம் நாளே என் கை வெடித்தது. சனிக்கிழமை வேலை முடிந்ததும் அண்ணன் கூப்பிட்டு உட்கார வைத்தார். முதலில் புளித்தண்ணீரில் கழுவிச் சுண்ணாம்பை முறிக்க வேண்டும். ஈரம் போகத் துடைத்த பிறகுதான் எண்ணெய். திங்கட்கிழமை அவர் சொல்ல வந்தது இவ்வளவுதான். கேட்டிருந்தால் ஆடு பிழைத்திருக்காது, அதன் தோலாவது பிழைத்திருக்கும்.

புளி பட்ட எரிச்சலில் நான் போட்ட கூச்சல் பாலாற்றைத் தாண்டியிருக்கும். அவர் பிரசங்கம் எதுவும் செய்யாமல், ஒவ்வொரு வெடிப்பாகப் பார்த்துப் பார்த்து எண்ணெய் வைத்தார்.

பிறகு என் முறை. அவர் கையைக் கழுவித் துடைத்துத் தேய்த்தேன். கற்றுக்கொண்டதைச் சொல்லாமல் இருக்க என்னால் ஆகுமா?

"அண்ணே, இப்பதான் புரியுது. மனதுருக்கம்னா முதல்ல எதிராளி சொல்றத முழுசா கேக்கணும். ரெண்டாவது..."

"வாத்தியாரே."

"சொல்லுங்கண்ணே."

"நீ பேசறப்ப உன் கை நின்னுபோவுது. தேய்."

தேய்த்தேன்.