கெட்டிக்காரர் வீட்டு இஸ்திரிப் பெட்டி

கடைத்தெருவில் அவருக்குக் கெட்டிக்காரர் என்று பெயர். புத்திசாலி என்று நினைத்து யாரும் வைத்த பெயரில்லை. மிக்ஸியோ மின்விசிறியோ, எது பழுதுபார்க்க வந்தாலும் முதலில் கையில் தூக்கி எடை பார்ப்பார். கனமாக இருந்தால், கெட்டியான சாமான், நம்பி விட்டுட்டுப் போங்க என்பார். லேசாக இருந்தால் ஒரு திருகாணியைக்கூடத் தொடாமல் திருப்பிக் கொடுத்துவிடுவார். கடை வாசலில் பலகையே மாட்டியிருந்தார்: 'தூக்கி எறியும் சாமான்கள் இங்கே தொடப்படாது.' தேடி வருகிற வேலையை விரட்டுகிறாரே என்று பக்கத்துக் கடைக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். மனிதர் மசியவில்லை.

அவர் பேச்சில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. வீட்டில் இருபத்திரண்டு வருஷமாக அதே மின்விசிறி, அதே மிக்ஸி, அதே இஸ்திரிப் பெட்டி. மனைவி வீட்டிலேயே சட்டை தைத்துக் கொடுக்கிறவள். நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு சட்டையாவது தேய்த்து மடிக்க வேண்டும். அதற்காகவே கல்யாணமான புதிதில் அலைந்து திரிந்து அந்தப் பெட்டியை வாங்கிக் கொடுத்தார். மூன்று கிலோவுக்குக் குறையாது. வயர் மாற்றி, பிடி மாற்றி, கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார். வீட்டுக்கு யார் வந்தாலும் அதைத் தூக்கிப் பார்க்கச் சொல்வார். வந்தவர்கள் ஒரு தரம் தூக்கிவிட்டு, ஆகா என்று கீழே வைத்துவிட்டுப் போனார்கள். தினமும் தூக்கியவள் அவள்.

தோள் வலிக்கிறது, லேசாக ஒன்று வாங்கலாமா என்று அவளும் கேட்காமலில்லை. நாலைந்து தரம் கேட்டாள். அதெல்லாம் ஆறு மாசத்தில் குப்பைக்குப் போகிற சாமான் என்று சிரித்துவிட்டு, தைலம் வாங்கி வந்து கொடுத்தார். அதையும் நல்ல தைலமாகப் பார்த்துத்தான் வாங்கினார், பாவம்.

இந்த வருஷம் அவளுடைய வலது தோள் இறுகிப்போயிற்று. தலை வாரக்கூடக் கை எழும்பவில்லை. இத்தனை நாள் எப்படித் தாங்கினீர்கள் என்று டாக்டர் கேட்டார். இனிமேல் கை முழுசாக மேலே போவது சந்தேகம்தான் என்றும் சொன்னார்.

ஏற்கெனவே தைத்து முடித்த சட்டைகள் பன்னிரண்டு இருந்தன. தேய்க்கிற வேலையை அவரே எடுத்துக்கொண்டார். ஆறாவது சட்டையில் வியர்த்துக் கொட்டியது. ஒன்பதாவதில் தோளிலிருந்து முழங்கை வரை கடுத்தது. இத்தனை வருஷத்தில் அந்தப் பெட்டியைத் திறந்திருக்கிறார், துடைத்திருக்கிறார், புகழ்ந்து தள்ளியிருக்கிறார். அதை வைத்து ஒரு கைக்குட்டையைக்கூடத் தேய்த்ததில்லை.

ஒரு சட்டையில் பொத்தான் விட்டுப்போயிருந்தது. பொத்தான் டப்பாவைத் தேடி அலமாரியின் அடித்தட்டைக் குடைந்தபோது, பழைய துண்டில் சுற்றிய ஏதோ ஒன்று கையில் தட்டுப்பட்டது. பிரித்தால், பச்சை பிளாஸ்டிக் பிடி போட்ட இஸ்திரிப் பெட்டி. கையில் எடுத்தது போலவே இல்லை, அவ்வளவு லேசு.

"இது யாரோடது?"

"என்னோடதுதாங்க."

மூன்று வருஷத்துக்கு முன்னால் நடைபாதைக் கடையில் வாங்கினாளாம். அவர் கடைக்குக் கிளம்பியதும் இதை எடுப்பாளாம். அவர் வருகிற நேரத்துக்குப் பழையதை மேஜைமேல் எடுத்து வைத்துவிடுவாளாம். அது ஓடிய ஐந்து மாதமும் தோளில் வலியே இல்லை. அப்புறம் ஒரு நாள் சூடாகவில்லை. அவர் சொன்னபடியே ஆகிவிட்டது, இந்தச் சாமானெல்லாம் இப்படித்தான் போலிருக்கிறது என்று அவளும் நம்பிவிட்டாள். மறுபடி ஒன்று வாங்க மனசு வரவில்லை.

"என்கிட்ட குடுத்திருக்கலாமேம்மா."

"நீங்கதான் பலகை மாட்டியிருக்கீங்களே."

"தெருவுல வேற கடையா இல்ல?"

"நாலு கடை இருக்கு. எல்லாருக்கும் என்னைத் தெரியும். கெட்டிக்காரர் வீட்டுலயே இந்தச் சாமான்தானான்னு உங்களைப் பார்த்துச் சிரிப்பாங்க. அதான் எங்கயும் எடுத்துட்டுப் போகல."

அவரால் சும்மா நிற்க முடியவில்லை. திருப்புளியை எடுத்துப் பெட்டியைத் திறந்தார். வயர் உள்ளே நுழைகிற இடத்தில் மடங்கி மடங்கி அறுந்திருந்தது. வேறு எதுவும் கெடவில்லை. அறுந்த இடத்தை வெட்டி, முனையைச் சீவி, மறுபடி பொருத்தி முடுக்கினார். பிளக்கைச் செருகியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் சூடும் ஏறியது.

அவள் பழக்கதோஷத்தில் வலது கையை நீட்டினாள். கை இடுப்பளவோடு நின்றுவிட்டது. இறக்கிக்கொண்டாள்.

"இவ்வளவுதானா?" என்று கேட்டாள். "ரெண்டு நிமிஷ வேலைதானா இது?"

அவள் குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. ஆமாம் என்றார். மீதியிருந்த மூன்று சட்டைகளையும் அந்தப் பச்சைப் பெட்டியிலேயே தேய்த்தார். தோளுக்கு ஒன்றுமே தெரியவில்லை.