புஷ்பம் அக்காவுக்கு நான் சொல்லாத பதில்

போன செவ்வாய்க்கிழமை முற்பகல், அலுவலகக் கூட்டத்தின் நடுவில் என் கைபேசியில் 'புஷ்பம் அக்கா' என்ற பெயர் வந்தது. வீட்டு விஷயமாக இருக்கும், பிறகு பேசலாம் என்று, "மீட்டிங்கில் இருக்கிறேன் அக்கா, அப்புறம் கூப்பிடுகிறேன்" என்று செய்தி அனுப்பினேன். உடனே மறுபடியும் அழைப்பு. எடுத்தால் ஓர் ஆண் குரல்.

"நான் அவங்க தம்பிங்க, குன்றாண்டார்கோவில்லருந்து பேசுறேன். அக்கா தவறிட்டாங்க. காலையில எந்திரிக்கவே இல்லை."

நான் அனுப்பிய செய்தியை அவர்தான் படித்திருக்க வேண்டும்.

மரியபுஷ்பம் அவர்களை அறிந்தவர்கள் புதுக்கோட்டையில் ஒரே தெருவுக்குள் அடங்கிவிடுவார்கள். அந்தத் தெருவில் எனக்கு ஒரு வீடு இருக்கிறது. கீழே இரண்டு, மேலே இரண்டு என நாலு போர்ஷன். ஆறு வருடங்களுக்கு முன், பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டே அதை வாங்கினேன். இலுப்பூரில் பிறந்தவள்தான் நான். ஆனாலும் விடுப்பு கிடைக்காததால் தரகரின் வீடியோ அழைப்பில்தான் வீட்டைப் பார்த்தேன். புதுப் பெயின்ட் அடித்த சுவர்களை அவர் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தபோது ஒரு பெண் குரல் குறுக்கிட்டது.

"ஏங்க புரோக்கரே, பாத்ரூம் செவத்தைக் காட்டுனீங்களா? பெயின்ட்டு அடிச்சா ஓதம் போயிருமா? போனை இங்கிட்டுக் குடுங்க."

"நீங்க குடியிருக்க வந்தீங்களா, யாவாரத்தைக் கெடுக்க வந்தீங்களா?" என்றார் தரகர்.

"வாடகை குடுக்குறேன்ல, ரெண்டுந்தான்."

ஈரம் ஏறி உப்புப் பூத்திருந்த அந்தச் சுவர் என் திரை முழுக்க நிறைந்தது. பிறகு புஷ்பம் அக்காவின் முகம். "இதையும் பாத்துட்டு, வாங்குறதுன்னா வாங்குங்க பாப்பா."

கணவரை இழந்தவர்; பிள்ளைகள் இல்லை. கீழ்த்தளத்தின் பின்பக்கப் போர்ஷனில் பள்ளிச் சீருடைகள் தைத்துக் கொடுத்துத் தனியாக வாழ்ந்தார். நான் வாங்குவதற்குப் பல வருடங்கள் முன்பிருந்தே அங்கே குடியிருந்தவர். வீட்டைப் பார்த்துக்கொள்ள அவரையே கேட்டேன். தொட்டி கழுவுவதும், மோட்டார் பழுதும், மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் துணி காயப்போடும் கொடிக்காக வந்த சண்டையும் அவரிடமே முடிந்துபோயின. எனக்கு வந்தது சேதி மட்டும்.

புதிதாகக் குடிவருகிறவர்கள் பால் காய்ச்சும்போது வீட்டுக்காரர் இருக்க வேண்டும் என்பதில் அக்கா கண்டிப்பானவர். நானோ அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தேன் என்று சொன்னால் மிகையாகிவிடும். ஓர் இரவுப் பேருந்து தூரம்தான். அந்தத் தூரத்தைக்கூட நான் வருவதில்லை. அதனால் அடுப்பு மேடையில் ஏதோ டப்பாவில் சாய்த்துத் தன் போனை நிறுத்திவைப்பார். "ஓனரம்மா வந்தாச்சு, பத்த வைங்க" என்பார். நான் அலுவலக மேசையில், என் பக்கத்து ஒலியை மட்டும் அடக்கிவிட்டு, யாரோ ஒருவருடைய பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருமுறை பால் பொங்கப் பொங்க நான் வேறு திரைக்கு மாறிவிட்டேன். "பாப்பா, கண்ணை அங்கிட்டு வச்சுக்கிட்டு என்ன ஆசீர்வாதம் இது?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டார். அந்தப் புதுக் குடித்தனக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மூன்று மாதங்களுக்கு முன், பெங்களூரில் சொந்தமாக ஒரு ஃபிளாட் வாங்குவதற்காக இந்த வீட்டை விற்க முடிவுசெய்தேன். வாங்குகிறவர் வீடு காலியாக வேண்டும் என்றார். அக்காவிடம்தான் சொன்னேன். மற்ற மூன்று குடும்பங்களுக்கும் அவரே அலைந்து வீடு பார்த்துக் கொடுத்தார். அதன்பிறகுதான் கேட்டார்.

"நானும் காலி பண்ணணுமா பாப்பா?"

"வாங்குறவர்கிட்ட கேட்டுச் சொல்றேன்க்கா."

"கேளுங்க. வாடகை கூட்டித் தரச் சொன்னாலும் தாரேன்னு சொல்லுங்க. வீடு தெரிஞ்ச ஆளு ஒருத்தி இருந்தா அவருக்கும் நல்லதுதான?"

நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் யோசிப்பார், பதிவு தள்ளிப்போகும் என்று பயந்தேன். பத்து நாள் கழித்து, "கேட்டீங்களா பாப்பா?" என்றார். வாங்குகிறவர் வெளியூர் போயிருக்கிறார் என்று பொய் சொன்னேன். கேட்டிருந்தால் அவர் ஒப்புக்கொண்டிருப்பாரோ என்னவோ. அதைத் தெரிந்துகொள்ளும் தகுதி இப்போது எனக்கு இல்லை.

கெடு நெருங்கியதும் அக்கா குரல்பதிவு அனுப்பினார். "வீட்டைக் கூட்டித் தொடச்சுட்டேன். சாவி எதுத்த மளிகைக் கடையில இருக்கு. நான் தம்பி வீட்டுக்குப் போறேன். நீங்க மெதுவாக் கேட்டுச் சொல்லுங்க." நான் பதிலுக்குக் கட்டைவிரலை உயர்த்தும் படம் ஒன்றை அனுப்பினேன்.

பத்தொன்பது நாட்கள் அவர் தம்பி வீட்டில் இருந்திருக்கிறார். மூச்சு வாங்கியிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று தம்பி கூப்பிட்டபோதெல்லாம், "திரும்பப் புதுக்கோட்டைக்குத்தான போகப்போறேன், அங்கன பழகின டாக்டரு இருக்காரு, பாத்துக்கிறேன்" என்றாராம்.

சேதி வந்த மறுநாள் அடக்கத்துக்குப் போனேன். வாசலில் ஒரு பெண்மணி, "நீங்க யாரும்மா?" என்று கேட்டார். தம்பியின் மனைவிதான், "அக்காவோட ஓனரம்மா, பெங்களூருலருந்து வந்துருக்காங்க" என்றார். பெண்கள் விலகி வழிவிட்டார்கள். யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். அந்த மரியாதையை எப்படித் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை.

சின்னக் கூடம். பாதி இடத்தை மூட்டைகள் அடைத்திருந்தன. சேலை மூட்டை, பாத்திர மூட்டை, சாக்கு சுற்றிய தையல் மிஷின். ஒரு கயிறுகூட அவிழ்க்கப்படவில்லை. அவற்றைச் சுவரோரம் நெருக்கித் தள்ளிவிட்டுத்தான் அக்காவைக் கிடத்தியிருந்தார்கள்.

என் பார்வையைக் கவனித்துவிட்டுத் தம்பியின் மனைவி மெல்லச் சொன்னார்: "நான் பிரிச்சு அடுக்குறேன்னு எத்தனையோ தடவை சொன்னேங்க. விடலை. ஓனரம்மா கேட்டுச் சொல்றேன்னுருக்காங்க, பிரிச்சுப்புட்டா மறுபடி யாரு கட்டுறதுன்னாங்க."

அக்கா, வீட்டை வாங்குகிறவரிடம் நான் கேட்கவே இல்லை. அங்கேயே உங்களிடம் சொல்லிவிட நினைத்தேன். அதற்குள் ஜெபம் தொடங்கிவிட்டது, எல்லோரும் எழுந்து நின்றார்கள், நானும் நின்றேன். இப்போது எழுதுகிறேன். இனிக் காத்திருக்க வேண்டாம். போய் வாருங்கள்.