பதினேழாவது வாகை

யட்டியாந்தோட்டை பஜாரிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் ரோட்டில் ஒரு காலத்தில் நாற்பத்திரண்டு வாகை மரங்கள் நின்றன. யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை நட்டானாம். குழி வெட்டியது யார், தண்ணீர் சுமந்தது யார் என்று எவனும் சொல்வதில்லை. அழகமுத்து ரோட்டு வேலைக்குச் சேர்ந்தபோது முப்பத்தொரு மரம் மிச்சமிருந்தது. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியின் முதுகால் ஒவ்வொன்றையும் தட்டி, காதை வைத்துக் கேட்பார். உள்ளே உளுத்திருந்தால் சிவப்புப் பெயின்டில் ஒரு பெருக்கல் குறி போடுவார். மறுவாரம் தோட்டத்து ஆட்கள் வந்து அறுப்பார்கள்.

அந்தக் குறிதான் ஒருமுறை அவரை மாட்டிவிட்டது. தொண்ணூற்றாறில், கொழும்பில் குண்டு வெடித்த சமயம், இந்தச் சிவப்பெல்லாம் யாருக்கு வழிகாட்ட என்று கேட்டு பட்டாளத்துக்காரர்கள் ஜீப்பில் ஏற்றினார்கள். மூன்று நாள் கழித்து, தோட்டத்து மானேஜர் துரை போய்ச் சொன்ன பிறகு விட்டார்கள். அந்த மூன்று நாளைப் பற்றி அவர் பெண்சாதியிடம்கூட வாய் திறக்கவில்லை. பெயின்ட் டப்பாவையும் அதோடு தொடவில்லை. உளுத்த மரம் இருந்தால் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை காதில் போடுவதோடு சரி.

இரண்டாயிரத்து எட்டில் பத்தொன்பது மரம்தான். பதினேழாவது மரத்தடியில் பட்டாளத்துக்காரர்கள் தகரக் கூரை போட்டுச் சோதனைச் சாவடி வைத்திருந்தார்கள். மகள் சுகந்தினி பஜாரில் புடவைக்கடையில் வேலை செய்தாள். தினமும் சாயங்காலம் பஸ்ஸை விட்டிறங்கி, அந்த மரத்தடியில் வரிசையில் நின்று அடையாள அட்டையைக் காட்டித்தான் லயத்து வீட்டுக்கு வர வேண்டும்.

ஜூன் மழை பிடித்துக்கொண்டது. சாவடிக்குப் பக்கத்தில் மழைத்தண்ணீர் ஓடும் கானைத் துப்புரவாக்கும் சாக்கில் அழகமுத்து அந்த மரத்தைத் தட்டிப் பார்த்தார். வெறும் பானையைத் தட்டின மாதிரி இருந்தது.

கணக்குப்பிள்ளையிடம் சொன்னார். பட்டாளத்துக்காரனை எழும்பச் சொல்லித் தன் தலையைக் கொடுக்க முடியாது என்று அவர் கையை விரித்துவிட்டார். இரண்டு நாள் அழகமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காற்றும் சேர்ந்துகொண்டது. மத்தியானம் எழுந்து சாவடிக்கு நடந்தார்.

மரம் உளுத்துவிட்டது, விழப்போகிறது என்று சிங்களத்தில்தான் சொன்னார். சார்ஜன்ட் கடைசிவரை கேட்டுவிட்டு, இந்த இடத்தைக் காலிபண்ணச் சொல்லி அனுப்பினது யார் என்று கேட்டான். தொண்ணூற்றாறில் கேட்ட அதே தொனி. அழகமுத்து கத்தியின் முதுகால் மரத்தைத் தட்டினார். சார்ஜன்ட் முகம் மாறியது. ஆனால் சந்தேகம் விடவில்லை. தன் ஆட்களை எதிரே அப்துல் ரஸாக் கடை விறாந்தைக்கு அனுப்பினான். பெரிய அதிகாரி வரும்வரை இந்த மரத்தடியிலேயே உட்கார், அசைந்தால் சுடுவோம் என்று அழகமுத்துவிடம் சொல்லிவிட்டு அவனும் போனான்.

மழையில் உட்கார்ந்தார். காற்றடித்தபோதெல்லாம் மரம் உள்ளே முனகுவது முதுகில் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டால் இன்னும் பயமாக இருந்தது.

ஐந்து மணிக்கு பஸ் வந்தது. சுகந்தினி இறங்கினாள். அப்பா மரத்தடியில் நனைந்து உட்கார்ந்திருப்பதையும் எதிரே துப்பாக்கிகளையும் பார்த்தாள். குடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"கிட்ட வராத! அங்கனயே நில்லு!"

அவள் நிற்கவில்லை. பிள்ளையை ஒருநாளும் கைநீட்டி அடிக்காத மனுஷன், காலடியில் கிடந்த கருங்கல்லை எடுத்து எறிந்தார். அது முழங்காலில் பட்டு, அவள் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

விறாந்தையிலிருந்து சார்ஜன்ட்தான் முதலில் இறங்கினான். ரோட்டைத் தாண்டி ஓடிவந்து, அழகமுத்துவின் கையைப் பிடித்து வெளியே இழுத்தான். பெரிய அதிகாரி வரும்வரை அவன் காத்திருக்கவில்லை.

மறுநாள் மரத்தை அறுத்தார்கள். உள்ளே ஓராள் நிற்கலாம் போல இருந்தது, அத்தனையும் கறையான் மண்.

அன்று சாயங்காலம் லயத்தில், சுகந்தினியின் முழங்காலுக்கு மருந்து போட உட்கார்ந்தார். கை நடுங்கி மருந்து சிந்தியது.

"வலிக்கலப்பா. ஏன் இன்னும் நடுங்குறீங்க?" என்றாள்.

அழகமுத்து சீலைத்துண்டைக் கீழே வைத்தார். பன்னிரண்டு வருஷமாகச் சொல்லாத அந்த மூன்று நாளை அவளிடம் சொல்லத் தொடங்கினார்.