மேடு நகர்ந்த திசை

அவளுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது அண்ணி. அதை மறக்க அண்ணி ஒரு நாளும் விட்டதில்லை. காபி ஆறிப்போனாலும் அந்தப் பேச்சு வரும், துணி காயாமல் கிடந்தாலும் வரும். வீட்டில் அண்ணி, வேலையிடத்தில் மேடம். ஒரு முறை வாய் தவறி எல்லார் முன்னாலும் "அண்ணி" என்று கூப்பிட்டுவிட்டாள். அன்று முழுக்க மேடம் அவளை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு அண்ணியின் வாய் ஓயவில்லை.

நாலு கேள்வி கேட்டால் ஒன்றுக்குத்தான் பதில் சொல்வாள் என்று அவளுக்கு ஊமைச்சி எனப் பெயர் வைத்ததும் அண்ணிதான். வேலையிடத்திலும் அதுவே ஒட்டிக்கொண்டது.

அம்மா படுக்கையில் விழுந்தபோது அவளை எட்டாம் வகுப்போடு நிறுத்தினார்கள். அண்ணனை நிறுத்தவில்லை. அவன் லிஃப்ட் பழுது பார்க்கிற வேலைக்குப் போனான், தன்னைவிட அதிகம் படித்த பெண்ணைக் கட்டினான். அம்மா போன பிறகு, வீட்டில் ஒருத்தி சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்ற பேச்சு கிளம்பியது. அண்ணி தான் பொறியாளராக வேலை பார்க்கும் தரைநிலையத்தில் அவளைக் கூட்டித் துடைக்கச் சேர்த்துவிட்டாள்.

செயற்கைக்கோள் லேசர் ஒளியில் அனுப்பும் படங்களைப் பிடிக்கிற இடம் அது. அவ்வளவு தூரம் கடந்து வந்து சேரும்போது அந்த ஒளி குற்றுயிராகத்தான் இருக்கும். அதனால் நிலையத்திலேயே ஒரு லேசர் வைத்திருந்தார்கள். வலுவான இந்த ஒளியையும் நைந்துபோன அந்த ஒளியையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிய வைத்து, கடுகளவு சென்சாரில் விழச் செய்வார்கள். இரண்டின் துடிப்புக்கும் நடுவே உள்ள வித்தியாசம் மட்டும் அதில் வெளிப்பட்டு, திரையில் ஒரு மேடாக எழும்பும். வித்தியாசம் கூடினால் மேடு வலது பக்கம் போகும், குறைந்தால் இடது பக்கம் வரும். பட்டப்பகலில்கூட இது ஏமாறாது. வெயில் எவ்வளவு கொட்டினாலும் அது நிலையத்து லேசரோடு சேர்ந்து மேடு கட்டாது.

படிய வைப்பதுதான் பெரும்பாடு. மேசைமேல் பதினோரு கண்ணாடிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு திருகு. முடியளவு விலகினால் மேடு எழும்பாது. அதைப் பார்த்துக்கொண்ட மேசைக்காரர் ஒரு நாள் மேடத்தோடு சண்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். மூன்று பேர் முயன்றும் ஒளி படியவில்லை. இரண்டு வருஷம் தரையைத் துடைத்துக்கொண்டே அவர் விரல்களைப் பார்த்திருந்தவள் ஊமைச்சி. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, ஏழாவது கண்ணாடியின் கீழ்த்திருகைக் கால் சுற்று தளர்த்தினாள். மேடு எழும்பியது. யாரையும் புகழ்ந்தறியாத நிலையத் தலைவர், "இவ கை வெச்சா நிக்குது" என்றார். மேடத்தின் முகம் சுண்டிப்போனது. மேசை ஊமைச்சிக்கு வந்தது. அண்ணியின் பொறாமைக் காய்ச்சலும் கூடவே வந்தது.

ஆறு வருஷம் கழித்து, நிலையத்து லேசர் பழுதுக்குப் போய்த் திரும்பியது. மேடமே அதைப் பொருத்தி, துடிப்பின் அளவு வைத்துப் பூட்டினாள். அதற்குப் பிறகு செயற்கைக்கோள் நாலு தடவை வானத்தைக் கடந்தது. நாலு தடவையும் ஒரே கதை. மேடு ஜோராக எழும்பும், இருபது விநாடியில் காணாமல் போகும். போன படங்கள் போனதுதான், செயற்கைக்கோள் இரண்டாம் முறை அனுப்பாது.

மேடம் அறிக்கை எழுதினாள். மேசைப் பணியாளர் திருகுகளை ஒழுங்காக இறுக்காததால் கண்ணாடி நழுவியது என்று அதில் இருந்தது. கீழே, ஒப்புக்கொண்டு ஊமைச்சி கையெழுத்துப் போட ஒரு கோடு. மறுநாள் மதியத்துக்குள் போட்டாக வேண்டும்.

"போட்டா துடைப்பத்தையாவது கையில விட்டு வைக்கிறேன்," என்றாள் மேடம். "போடலைன்னா கேட்டுக்கு வெளியதான்."

கண்ணாடி நழுவவில்லை. ஒவ்வொரு தடவையும் முன்னும் பின்னும், லேசர் பட்டால் ஒளிரும் அட்டையைப் பிடித்து அவள் பார்த்திருக்கிறாள். ஒளிப்புள்ளி வைத்த இடத்தில் வைத்தபடி நின்றது. அவள் கண்ணில் பட்டது வேறு. பழுதுக்கு முன்பு மேடு எப்போதும் வலமிருந்து இடமாக நடக்கும். செயற்கைக்கோள் கிட்டே வரும்போது ஒளியின் துடிப்பு ஏறியிருக்கும், தாண்டிப் போகையில் இறங்கும், ஊதிக்கொண்டு கடந்து போகிற ரயிலின் சத்தம் மாதிரி. பின்தொடர்கிற கம்ப்யூட்டரும் மேடு இடது பக்கம் இறங்கும் என்று நம்பித்தான் தேடும். இப்போதோ, மறைவதற்கு முன் மேடு வலது பக்கம் சாய்ந்தது. கம்ப்யூட்டர் ஒரு பக்கம் தேட, மேடு மறுபக்கமாக நழுவிப் போனது.

ஏன் என்பது ஸ்டோர் அறையில் விளங்கியது. அங்கே இரண்டு எக்ஸாஸ்ட் ஃபேன்கள். சேர்ந்து ஓடினால் ஊம், ஊம் என்று விம்மும். விம்மலைக் கேட்டால் இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று தெரியும். எது வேகம், எது மந்தம் என்று தெரியாது. அவள் வாசல் பக்கத்து ஃபேனின் வேகத்தைத் துளி குறைத்தாள். விம்மல் அவசரப்பட்டது. அப்படியானால் அதுதான் ஏற்கெனவே மெதுவாக ஓடியது. லேசரும் அப்படித்தான் என்று பட்டது. வருகிற ஒளியின் துடிப்புக்குக் கீழே நிற்க வேண்டியதை, அதே தூரம் மேலே வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். வித்தியாசம் ஒன்றே என்பதால் மேடு சரியான இடத்தில் எழும்புகிறது. அதன் நடை மட்டும் தலைகீழ்.

அன்று சாயங்காலம் அண்ணி காய் நறுக்கும்போது சொல்லிப் பார்த்தாள். பாதி சொல்வதற்குள் கத்தி நின்றது.

"எட்டாங்கிளாஸ் எனக்குப் பாடம் எடுக்குதா? அதுவும் ஃபேனை வெச்சு?" அண்ணி கூடத்துப் பக்கம் திரும்பினாள். "உங்க தங்கச்சிக்கு வாயே கிடையாதுன்னீங்களே, கேட்டீங்களா?"

அண்ணன் டிவி சத்தத்தைக் கூட்டினான். வீட்டில் ஆபீஸ் பேச்சு வேண்டாம் என்று இருவருக்கும் பொதுவாகச் சொன்னான்.

"ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க," என்றபடி அண்ணி மறுபடி நறுக்கத் தொடங்கினாள்.

மறுநாள் காலை பத்தே காலுக்குச் செயற்கைக்கோள் வர வேண்டும். வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. நிலையத் தலைவர் திரைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஐந்தாவதும் போனால் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். மேடம் கம்ப்யூட்டர் முன்னால். நாலடி தள்ளி மேசையருகே ஊமைச்சி. லேசரின் துடிப்பை மாற்றும் குமிழ் அவள் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. பொறியாளர் தவிர யாரும் தொடக்கூடாது என்பதற்கு அதன்மேல் சிவப்பு நாடா. கையெழுத்துப் போடாத தாள் மேசை ஓரத்தில்.

மேடு எழும்பியது. வலது பக்கம் சாயத் தொடங்கியது.

ஊமைச்சி நாடாவைப் பிய்த்தாள். குமிழை ஒரு துளி ஏற்றினாள். மேடு இன்னும் வலப்பக்கம் துள்ளியது. லேசர் மேலேதான் நிற்கிறது. சந்தேகம் தீர்ந்தது.

"கையை எடு," என்று மேடம் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

ஊமைச்சி குமிழை இறக்கிக்கொண்டே போனாள். மேடு இடப்பக்கமாக ஓடி, திரையின் விளிம்பில் மோதி, இல்லாமல் போனது.

"போச்சு. பாத்தீங்களா சார், நாசம் பண்ணிட்டா. ஏய், கையை எடுன்னு சொன்னேன்ல?" மேடம் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"எடுக்க மாட்டேன், அண்ணி."

அந்த அறையில் அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. இன்னும் கொஞ்சம் இறக்கினாள். லேசர் வருகிற ஒளியைத் தாண்டிக் கீழே இறங்கவும், சுவரில் பட்ட பந்து மாதிரி மேடு விளிம்பிலிருந்து திரும்பி வந்தது. பழைய இடத்தை எட்டியதும் குமிழை விட்டாள். கம்ப்யூட்டர் பிடித்துக்கொண்டது. மேடு இடது பக்கமாக நடக்க ஆரம்பித்தது.

"அவளை விடும்மா," என்றார் தலைவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "முதல்ல படம் வரட்டும்."

ஆறு நிமிஷம் படம் வந்தது. மேடம் பிடியை விட்டாள், ஆனால் பக்கத்தை விட்டு நகரவில்லை. அவள் மூச்சு ஊமைச்சியின் கழுத்தில் பட்டுக்கொண்டே இருந்தது.

செயற்கைக்கோள் அடிவானத்தில் இறங்கியதும் மேடம் முந்திக்கொண்டாள். பழுது பார்த்தவர்கள்தான் மாற்றி அனுப்பிவிட்டார்கள் என்றாள். அளவு வைத்துப் பூட்டியது யார் என்று தலைவர் கேட்டார். மேடம் நாடாவைப் பிய்த்த குற்றத்துக்குத் தாவினாள். கருவியே எரிந்துபோயிருக்கும், இதை விட்டால் நாளைக்கு வாட்ச்மேனும் வந்து திருகுவான் என்றாள். அது தலைவருக்கும் நியாயமாகவே பட்டது. ஒரு மாதம் மேசைப் பக்கம் வரக்கூடாது என்று ஊமைச்சியிடம் சொன்னார். பழைய தாளை இரண்டாகக் கிழித்து, நாடாவைப் பிய்த்ததற்கு மட்டும் புதுத் தாள் கேட்டார். பிறகு மேடத்தைப் பார்த்து, லேசரைத் தப்பான பக்கத்தில் பூட்டியதற்கும் தனியாக ஒரு தாளில் அவள் கையெழுத்து வேண்டும் என்றார்.

அரை மணி நேரத்தில் இரண்டு தாள்களும் அவர் மேசைக்கு வந்தன. ஊமைச்சி தன்னுடையதை மெதுவாக இரண்டு முறை படித்தாள். அனுமதியின்றித் தொட்டேன் என்று இருந்தது. தொட்டாள்தான். கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை அண்ணியிடம் நீட்டினாள்.

அண்ணி அதை வாங்கவில்லை. "அதான் போட்டாச்சே. வெளிய போ."

"நீங்களும் போடுங்க, அண்ணி. பாத்துட்டுப் போறேன்."

அண்ணி கைப்பையைத் திறந்து தன் பேனாவைத் தேடினாள். சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள், சீப்பை வைத்தாள், கைக்குட்டையை உதறிப் பார்த்தாள். ஊமைச்சி நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.