கண்ணாடி போட்ட ஆந்தையின் காவல்

அந்தத் தெருவில் ஸ்டிக்கர் அக்காவைத் தெரியாதவர் கிடையாது. ‘நாய் ஜாக்கிரதை’, ‘இங்கே வண்டி நிறுத்தாதீர்’ என்று பாதி வாசல்கள் அவள் வெட்டிக் கொடுத்த எழுத்துகளில்தான் பேசின. ஆனால் அவள் வீட்டில் அவள் பேச்சு எடுபடாது. கடைசியாக வந்து போனவர் யாரோ, அவர் பேச்சுத்தான் எடுபடும். கணவர் அப்படிப்பட்ட மனிதர். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். கண்டக்டர் விசிலுக்கு நின்று, விசிலுக்குக் கிளம்பிப் பழகியதில், யாராவது கொஞ்சம் அழுத்திச் சொன்னாலே கியர் போட்டுவிடுவார்.

ஏழு வருடம் முன்பு பக்கத்துத் தெருவில் பூட்டை உடைத்துத் திருட்டுப் போனதிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. அப்போது இன்னும் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். கண் சொருகச் சொருக வேலைக்குக் கிளம்புகிறவரைப் பார்க்கும்போதெல்லாம், பின்னால் உட்காரப்போகும் அறுபது பேர் அக்காவின் நினைவில் வந்து போனார்கள்.

அவளுடைய ஸ்டிக்கர் கடையில், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வேண்டாமென்று திருப்பிய ஆந்தைப் படம் கிடந்தது. கண்ணாடி போட்ட ஆந்தை. அதன் கீழே ‘ஆந்தைக் காவல் - இருபத்துநாலு மணி நேரமும்’ என்று எழுத்து வெட்டினாள். கடையின் இரண்டாவது போன் நம்பரைச் சேர்த்தாள். சோப்புத் தண்ணீர் தெளித்து, ஒரு குமிழி இல்லாமல் வாசல்கதவில் ஒட்டினாள். நிலைக்கு மேலே ஒரு வெள்ளை டப்பாவையும் மாட்டிவிட்டு, “நம்ம கடை வாடிக்கைதாங்க. கம்பெனி ஆளுங்க வந்து மாட்டிட்டுப் போனாங்க” என்றாள்.

அன்று படுத்தவரை மறுநாள் உலுக்கித்தான் எழுப்ப வேண்டியிருந்தது. அப்புறம் வெளியே கிளம்பும்போதெல்லாம் ஆந்தையின் நெற்றியில் விரலால் ஒரு தட்டு. வண்டி எடுக்குமுன் டயரைத் தட்டிப் பார்ப்பாரே, அதே தட்டு. ஓய்வு பெற்ற பிறகும் அது நிற்கவில்லை.

இந்த வியாழக்கிழமை மதியம் அவள் சாப்பிட வந்தபோது வாசலில் ஓர் ஏணி சாத்தியிருந்தது. உள்ளே, கழுத்தில் அட்டை தொங்க ஓர் இளைஞன். எதிரே கணவர், கையில் பேனா.

“வாங்கம்மா. ஆந்தைக் காவல்லேர்ந்து வர்றோம்.”

சிரிப்பு அவள் தொண்டைவரை வந்து நின்றது. “எங்கேர்ந்து?”

“ஆந்தைக் காவல்மா. அதை இப்ப எங்க பெரிய கம்பெனி வாங்கிடுச்சு. உங்க டப்பா மூணு மாசமா செத்துக் கிடக்கு, சிக்னலே வரலை. இன்னிக்கே மாத்தணும்.”

“மூணு மாசமா திறந்த வீட்டுலயா தூங்கியிருக்கோம்?” கணவர் முகம் வெளுத்திருந்தது.

அவள் தாளை எட்டிப் பார்த்தாள். ஐந்து வருட ஒப்பந்தம். வீட்டில் யார் யார், எந்த நேரம் ஆளிருக்காது, எப்போது ஊருக்குப் போவார்கள் என்ற கேள்விகளுக்கெல்லாம் கணவர் மணிமணியான எழுத்தில் உண்மையை எழுதி வைத்திருந்தார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. உண்மையைச் சொன்னால் அவர் தூக்கம் போகும். சொல்லாவிட்டால் வீடே போகும்.

ஆளை விசாரித்தே விரட்டிவிடலாம் என்று பார்த்தாள். “பழைய முதலாளி எப்படியிருக்கார் தம்பி?”

“தங்கமான மனுசன்மா. போன வருசம் தவறிட்டார்.”

“ரொம்பக் கஷ்டப்பட்டாரோ?”

“இல்லம்மா. தூக்கத்துலயே.”

தன் சாவை இப்படி நின்று விசாரிக்கும் பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்? நல்ல சாவாகவே கொடுத்திருந்தான் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் திருப்தி கூட.

கணவருக்குக் கண் கலங்கிவிட்டது. “ஏழு வருசம் நம்மளைக் காப்பாத்தின மனுசன். அவங்க ஆளுங்ககிட்ட ஒரு வார்த்தை துக்கம் கேக்க வேணாமா?” என்று எழுந்தவர், கதவருகே போய் ஆந்தைக்குக் கீழிருந்த நம்பரை ஒவ்வொன்றாக அழுத்தினார்.

“சார், அந்த நம்பர் இப்ப இல்ல. என் கார்டுல இருக்கிற நம்பருக்குப் போடுங்க” என்று இளைஞன் பதறினான்.

அதற்குள் அக்காவின் கைப்பை அலறியது.

மூன்று பேரும் பையைப் பார்த்தார்கள். அது நிற்பதாயில்லை. அவள் போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

“ஆந்தைக் காவல். முதலாளிதான் பேசறேன். இன்னும் சாகலை.”

கணவர் தன் காதிலிருந்த போனை எடுக்கவேயில்லை. எதிரே நிற்பவளையும் போனில் பேசுபவளையும் ஒன்றாக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இளைஞனுக்கு அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை. ஏணியைத் தூக்கிக்கொண்டான்.

“அந்தத் தாளை வெச்சிட்டுப் போ தம்பி” என்றாள். வைத்துவிட்டுத்தான் போனான்.

கணவர் நாற்காலியில் உட்கார்ந்தார். “அப்ப அந்த டப்பாவுல?”

“மாற்றுச் சாவி.”

“திருடனுக்குச் சாவியை வாசல்லயே வெச்சிட்டா என்னைத் தூங்கச் சொன்னே?”

“எவனாவது தொட்டானா?”

சாயங்காலம் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினார். அவள் உள்ளேயிருந்து அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவருகே நின்றார். ஆந்தையை முறைத்தார். விரல் மேலே போனது, தட்டவில்லை. படத்தின் மூலையை நகத்தால் அழுத்தித் தேய்த்தது.

“ஓரம் பேந்துக்கிட்டு வருது. உன் கம்பெனியில சொல்லி வை” என்றார். “சாவியை முதல்ல வேற இடத்துல வை.”

படியிறங்கப் போனவர் திரும்பி வந்து, ஆந்தையின் நெற்றியில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.