பதினேழாம் கேள்வி

நாயின் அடிவயிற்றைத் தொடுவதற்கு முன் அல்போன்சா தம் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்கிறார். குளிர்ந்த கை பட்டால் நாய் உடலைச் சுருக்கிக்கொள்ளும். சுருங்கிய தசைக்குள் கட்டி ஒளிந்துகொள்ளும் என்பது அவர் அனுபவத்தில் கண்டது. பின்னர் மூன்று விரல்களைச் சேர்த்து, முன்னங்கால்களுக்கு இடையிலிருந்து தொடங்கி, இடப்புறம் ஐந்து, வலப்புறம் ஐந்து என ஒவ்வொரு காம்பையும் சுற்றி அழுத்திக்கொண்டே வருகிறார். உதடுகள் அசைகின்றன. செபம் சொல்கிறார் என்று வீட்டார் கருதுகிறார்கள். உண்மையில் அவர் காம்புகளை எண்ணுகிறார்.

கட்டி அகப்பட்டால் அவர் வாயில் முதலில் வருவன மளிகைக் கடைச் சொற்கள். "மொளகு" என்பார், "கொண்டக்கடலை" என்பார், முகம் இறுகினால் "எலுமிச்சங்கா" என்பார். பதிவேட்டில் மட்டும் அவற்றை மில்லிமீட்டரில் அளந்து, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவார். அப்பதிவேட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு நாய்கள் உள்ளன. இறந்த நாயின் பெயரைச் சுற்றி ஒரு வட்டம் போடுவது அவர் வழக்கம். "சிலுவை போடக் கூடாதுன்னு ஃபாதர் ஒண்ணும் சொல்லல சார். எனக்கே ஒரு மாதிரியா இருந்துச்சு" என்று என்னிடம் சொன்னார். வட்டங்கள் அறுபதைத் தாண்டிவிட்டன.

வயது ஐம்பத்திரண்டு. திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருபது ஆண்டுகள் நோயாளிகளுக்குப் படுக்கை விரித்தவர். இப்போது, நாய்களுக்கு வரும் புற்றுநோயைக் கொண்டு மனிதருக்கு வருவதை அறிய முயலும் சென்னை ஆய்வு நிலையம் ஒன்றுக்காக, செம்பட்டி முதல் எரியோடு வரை மொபெட்டில் அலைகிறார். நாயும் நாமும் ஒரே வீட்டில் வாழ்கிறோம். ஒரே தண்ணீரைக் குடிக்கிறோம். ஒரே புகையைச் சுவாசிக்கிறோம். பெண் நாயின் முலையில் வரும் கட்டி, பெண்களுக்கு வருவதைப் பெரிதும் ஒத்திருக்கிறது. இதை அல்போன்சா சொல்லும் முறை வேறு: "நமக்குப் பத்து வருசத்துல வாரது அதுக்கு ஒரே வருசத்துல வந்து முடிஞ்சிரும். அம்புட்டுத்தேன் வித்தியாசம்."

ஊருக்குள் நுழைந்ததும் "நாய் டாக்டரம்மா வாராக" என்று குரல் எழும். "எங்க வீட்டுக்காரரையும் செத்த தடவிப் பாருங்கக்கா. ராத்திரி பகலா கொலைச்சுக்கிட்டேதேன் கெடக்காரு" என்றாள் எரியோட்டில் ஒரு பெண். "ஊசி போட்டுருக்கான்னு கேட்டுச் சொல்லு, அப்பறம் தொடுறேன்" என்றார் அல்போன்சா, சிரிக்காமல். கைப்பையில் எப்போதும் ரஸ்க் பொட்டலம் இருக்கும். பாதி நாய்களுக்கு, மீதி அவருடைய மதிய உணவு.

அவர் நிரப்பும் படிவத்தில் இருபது கேள்விகள். பதினாறு வரை நாயைப் பற்றியவை. பதினேழாவது: இவ்வீட்டில் எவருக்கேனும் புற்றுநோய் உண்டா?

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில், கன்னிவாடிக்கு அப்பால் மல்லிகை பயிரிடும் சுருளிவேலின் வீட்டில் அக்கேள்வியைக் கேட்டார். உடன் வந்த கால்நடை மருத்துவர் அப்போதுதான் அவ்வீட்டு நாய் செவலையின் கட்டியை அறுத்தெடுத்திருந்தார். சுருளிவேலின் மனைவி நாகஜோதிக்கு மார்பில் புற்றுநோய். மதுரையில் வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. சுருளிவேல் நாயைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "அப்ப இதுகிட்ட இருந்துதேன் இவளுக்கு வந்துச்சாக்கும்?" என்றார். கட்டியின் துண்டை வைத்த பெட்டியில் பனிக்கட்டி உருகிக்கொண்டிருந்தது. சென்னைப் பேருந்தில் மாதிரியை ஏற்றியாக வேண்டும். அல்போன்சா மூடியை அழுத்திக்கொண்டே, "அதத்தேன் அப்பு பாக்குறாக" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

மூன்று மாதம் கழித்து மறு ஆய்வுக்குச் சென்றபோது செவலை இல்லை. சாக்கில் கட்டி மலையடிவாரத்தில் விட்டிருக்கிறார்கள். மூன்றாம் நாள் அது வீடு தேடி வந்தது. கல்லால் அடித்துக் கொன்றிருக்கிறார்கள். நாகஜோதியைப் பூ எடை போடும் கொட்டகைக்கு மாற்றியிருந்தார்கள். நாயிடமிருந்து வந்த நோய்க்கு நாய்க்கடி வைத்தியமே ஏற்றது என்று முடிவு செய்து, வேர் அரைத்துக் கொடுத்து, நாற்பத்தெட்டு நாள் உப்பில்லாப் பத்தியத்தில் வைத்திருந்தார்கள். மதுரையில் ஏற்ற வேண்டிய மருந்து மூன்று முறை தவறிப்போயிற்று. அல்போன்சா தாமே அழைத்துச் சென்றபோது, நோய் எலும்புக்குப் பரவிவிட்டதென்றும் இனி வலியைக் குறைக்க மட்டுமே முடியும் என்றும் மருத்துவர் கூறினார். செவலையின் கட்டி முழுமையாக அகற்றப்பட்டுவிட்டது, மிச்சமில்லை என்னும் அறிக்கை அதற்கு மறுவாரம் வந்தது.

அன்றிலிருந்து அல்போன்சா எந்த நாயையும் உடனே தொடுவதில்லை. வீட்டார் அனைவரையும் நிற்க வைத்து, "நாய்கிட்ட இருந்து மனுசருக்கு ஒட்டாது, மனுசர்கிட்ட இருந்து மனுசருக்கும் ஒட்டாது" என்று மும்முறை சொல்ல வைக்கிறார். பள்ளிக்கூடம் போல இருக்கிறதென்று சிரிப்பவர்கள் உண்டு. சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, மறுபடி முதலிலிருந்து சொல்ல வைக்கிறார்.

இரு வாரத்துக்கு ஒரு முறை அவர் நாகஜோதியைப் பார்க்கப் போகிறார். சென்ற சனிக்கிழமை நானும் உடன் சென்றேன். கொட்டகையில் சாக்கு விரித்த கட்டிலில் நாகஜோதி சாய்ந்திருந்தாள். வயது முப்பத்து நான்கு. மணிக்கட்டு குழந்தையின் மணிக்கட்டாகிவிட்டது. வீட்டு வாசலில் எட்டு வயது மகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நிலைப்படிக்கு இப்பால் வர அவளுக்கு அனுமதி இல்லை.

"வேற ஒண்ணும் வேணாங்க்கா. புள்ளைக்கு ஒரே ஒரு நா சடை பின்னி விடணும்" என்றாள் நாகஜோதி.

பூக்கூடையோடு பத்தடி தள்ளி நின்ற சுருளிவேலிடம், "ஒட்டாதுன்னு எத்தன தடவ சொன்ன அப்பு?" என்று கேட்டார் அல்போன்சா.

"நூறு தடவ சொல்லிட்டேங்க்கா. பொய்யின்னு சொல்லல. ஒத்தப் பொம்பளப் புள்ள... மனசு கேக்க மாட்டேங்குது."

"நான்தேன் கெடுத்தேன். ஒரு வார்த்தைய ஒழுங்காச் சொல்லியிருந்தா செவலையும் இருந்திருக்கும், இவளும் உள்ள படுத்திருப்பா. திட்டணும்னா என்னைத் திட்டு."

சுருளிவேல் கூடையைக் கீழே வைத்தார்.

கட்டிலருகே ஓர் எவர்சில்வர் டம்ளர் இருந்தது. மற்றப் பாத்திரங்களோடு கலந்துவிடாதிருக்க அதன் கழுத்தில் சிவப்பு நூல் சுற்றியிருந்தார்கள். நாகஜோதி குடித்ததுபோகப் பாதித் தண்ணீர் இருந்தது. அல்போன்சா அதை எடுத்தார்.

"எக்கா, வேணாம். அது என் எச்சி" என்று நாகஜோதி எழ முயன்றாள்.

அல்போன்சா டம்ளரின் விளிம்பில் வாய் வைத்து இரண்டு மிடறு குடித்தார். பின்னர் நடந்து சென்று, மகள் பார்த்துக்கொண்டிருக்க, மீதித் தண்ணீரைச் சுருளிவேலிடம் நீட்டினார். "குடி அப்பு."

சுருளிவேல் டம்ளரைப் பார்த்தார், கை எழவில்லை. வெயில் ஏறியது. அல்போன்சா கையைத் தாழ்த்தவில்லை. அது வலித்தபோது டம்ளரை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு மறுபடியும் நீட்டினார்.