புது மன்னர் தந்த மன்னிப்பு

கோயில் பட்டறையில் செப்பு உளிகளைத் திருடியவன் நெகெம்மூத். ஆனால் பழியை ஏற்றுக்கொண்டவன் அவன் தம்பி பென்னுப்.

“ராசாவுக்கு வயசாயிருச்சுடா, பட்டமேறி முப்பதாம் வருச விழாவே நடந்தாச்சு” என்று கெஞ்சினான் அண்ணன். “இன்னும் எத்தனை நாளு? புது ராசா பட்டமேறுனா எல்லாக் கைதிக்கும் மன்னிப்பு. நான் புள்ளகுட்டிக்காரன், நீ போயிட்டு வந்துரு. உன் பொண்டாட்டி ஹெனுத்தை என் தங்கச்சியாட்டம் பாத்துக்கறேன்.”

பென்னுப்புக்குக் கல்யாணமாகி ஓர் அறுவடைகூட ஆகவில்லை. இருந்தும் அண்ணனை நம்பினான். மூக்கை அறுத்துவிடாமல் பாலைவனச்சோலைக்கு நாடு கடத்தியதையே பெரிய கருணை என்றார்கள்.

அங்கே திராட்சைக் கொடிகளுக்குத் தண்ணீர் இறைத்தான். கழுதைக்காரர்கள் வரும்போதெல்லாம் ஓடிப்போய், “ராசா எப்படியிருக்காரு?” என்று கேட்பான்.

“உன் அக்கறையே அக்கறை! ராம்செஸ் ராசா கல்லாட்டம் இருக்காரு. மறுபடி விழாவாம். பட்டத்து இளவரசருதான் போய்ச் சேந்துட்டாரு” என்று சிரிப்பார்கள்.

அடுத்த இளவரசரும் இறந்தார், அதற்கடுத்தவரும். பென்னுப்பின் பற்கள் விழுந்தன. ஒருவழியாக மன்னர் மறைந்து மன்னிப்பு வந்தபோது, தடியூன்றித்தான் தீப்ஸ் நகரத்துக்கு வந்து சேர்ந்தான்.

கதவைத் திறந்தது நெகெம்மூத்.

“அண்ணே, நான் பென்னுப்.”

“என் தம்பி செத்து எவ்வளவோ வருசமாச்சு. போய்யா அந்தப் பக்கம்.”

குரல் கேட்டு உள்ளிருந்து ஹெனுத் வந்தாள். உற்றுப் பார்த்தவள் நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“நீங்க அங்க போன மறுவருசமே காய்ச்சல்ல செத்துட்டீங்கன்னாரே இவரு. திருடன் பொண்டாட்டின்னு ஊரே விரட்டுச்சு. இவரு சம்சாரம், அக்காவும் பிரசவத்துல போய்ட்டாங்க. இவரு கூப்பிட்டாரு, வந்துட்டேன்.”

“ராசா இத்தன காலம் இருப்பாருன்னு நான் கண்டனா?” என்று முனகினான் நெகெம்மூத்.

தெருவே கூடிவிட்டது. “உளியை எடுத்தது இந்த ஆளு! நான் இல்ல!” என்று பென்னுப் கத்தினான்.

பக்கத்து வீட்டு எழுத்தர் அவன் தோளைத் தொட்டார். “இருக்கட்டும் பெரியவரே. அதைத்தான் புது ராசா மன்னிச்சுட்டாரே. யாரு எடுத்திருந்தா என்ன?”

கூட்டம் கலைந்தது. ஹெனுத் ரொட்டியும் பீரும் கொண்டுவந்து வைத்தாள்.

“என்கூட வந்துருறியா?”

“பேரப்புள்ளைங்க இருக்குங்க” என்றாள், தலையைத் தூக்காமல்.

அவன் ரொட்டியைத் தொடவில்லை. மறுநாள் கிளம்பிய கழுதைகளோடு பாலைவனச்சோலைக்கே திரும்பினான். இந்த முறை அவனை யாரும் அனுப்பவில்லை.